பெயரடைக்குப் பின் வரும் 'டு': ஆங்கிலம் பழகும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரின் வடபகுதியில் ஒரு சமூக மன்ற அறையில், வாரம் ஒரு மாலை பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் கற்றுத் தருகிறேன். வேலைத்தளத்திலிருந்து வரும் ஊழியர்கள், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குத் துணை நிற்க விரும்பும் தாய்மார்கள், பேரப்பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள நினைக்கும் தாத்தா பாட்டிகள் என வருவோர் பலதரப்பட்டவர்கள். ஆனாலும் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஈஸி', 'ஹேப்பி', 'ரெடி' போன்ற ஒரு பெயரடையைச் சொல்லி, அதன் பின்னால் 'டு' வைத்து ஒரு வினையைச் சேர்க்க வேண்டிய இடம் அது. அங்கே எழும் ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும் என்பதற்காக ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

டீச்சர், பெயரடை, 'டு' என்றெல்லாம் சொல்கிறீர்களே, முதலில் அது என்னவென்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

'ஐ ஆம் ரெடி டு கோ' என்றால் 'நான் கிளம்பத் தயார்' என்று பொருள். இதில் 'ரெடி' பெயரடை, அதாவது ஒருவரின் அல்லது ஒன்றின் தன்மையைச் சொல்லும் சொல்; 'டு கோ' அதற்குப் பின் வரும் வினை. இப்படி 'டு' சேர்ந்து வரும் வினையை இந்தப் பக்கம் முழுவதும் 'டு-வினை' என்றே குறிப்பிடுகிறேன். தமிழ் இலக்கணத்தில் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தைப் படித்திருப்பீர்கள். கிளம்ப, படிக்க, பார்க்க, குடிக்க ஆகியவை அந்த வகை. 'படிக்க எளிது', 'பார்க்க அழகு', 'கேட்க இனிமை' என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். ஆகவே இந்த அமைப்பு நமக்குப் புதிதன்று. தமிழில் வினை முன்னால் வருகிறது, ஆங்கிலத்தில் பின்னால் வருகிறது.

சிக்கல் எங்கே எழுகிறது என்றால், தமிழ் இதே வேலையைப் பல உருவங்களில் செய்கிறது. 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி', 'செய்தி கேட்டு வருந்தினேன்', 'உதவுவதற்கு ஆவலாக இருக்கிறேன்', 'கிளம்பத் தயார்' என்று நாம் நான்கு விதமாகச் சொல்வதை, ஆங்கிலம் 'க்ளாட் டு மீட் யூ', 'சாரி டு ஹியர்', 'ஈகர் டு ஹெல்ப்', 'ரெடி டு கோ' என்று ஒரே 'டு'வைக் கொண்டு சொல்லிவிடுகிறது. தமிழில் வெளிப்படையாகத் தெரிந்த வேறுபாடுகள் ஆங்கிலத்தில் மறைந்துகொள்வதால், அவற்றை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்லும்போது 'க்ளாட் டு மெட் யூ' என்று வர வேண்டாமா?

வேண்டாம். 'டு'வுக்குப் பின் வினை தன் அடிப்படை வடிவில்தான் நிற்கும். காலத்தைக் காட்டும் பொறுப்பு முன்னால் உள்ள 'ஆம்', 'வாஸ்' போன்ற சொற்களுடையது. 'ஐ வாஸ் க்ளாட் டு மீட் யூ யெஸ்டர்டே' என்றால் போதும். தமிழிலும் 'கிளம்பத் தயாராக இருந்தேன்' என்னும்போது 'கிளம்ப' மாறுவதில்லை. 'இருந்தேன்' மட்டுமே மாறுகிறது.

'இந்தப் புத்தகம் படிக்க எளிதாக இருக்கிறது' என்பதற்கு 'ஈஸிலி டு ரீட்' என்று எழுதினேன். சிவப்பு மையால் அடித்துவிட்டீர்களே, ஏன்?

'எளிதாக' என்பதில் உள்ள 'ஆக'தான் உங்களை அங்கே அழைத்துச் சென்றது. தமிழில் 'எளிதாகப் படித்தான்' என்றும் சொல்கிறோம், 'எளிதாக இருக்கிறது' என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் அந்தச் சொல் படித்த விதத்தைக் காட்டுகிறது. இரண்டாவதில் புத்தகத்தின் தன்மையைக் காட்டுகிறது. ஆங்கிலம் இந்த இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கிறது. படித்த விதத்துக்கு 'ஈஸிலி', புத்தகத்தின் தன்மைக்கு 'ஈஸி'. ஆகவே 'திஸ் புக் இஸ் ஈஸி டு ரீட்' என்பதே சரி.

'ஹார்ட்' என்ற சொல்லில் கூடுதல் கவனம் வேண்டும். 'ஹார்ட் டு பிலீவ்' என்றால் 'நம்புவது கடினம்'. 'ஹார்ட்லி' என்றாலோ 'பெரும்பாலும் இல்லை' என்ற வேறு பொருள் வந்துவிடுகிறது. 'லி' சேர்த்தால் மரியாதையான ஆங்கிலமாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இங்கு அது பொருளையே மாற்றிவிடும்.

'ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் டுமாரோ' என்று சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினார். என்ன தவறு?

இந்தத் தொகுப்பை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இந்தக் கேள்வியால்தான். அந்த ஊழியர் கைப்பேசியை என்னிடம் நீட்டியபோது, அவர் மனத்தில் ஓடிய தமிழ் வாக்கியம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: 'எனக்கு நாளைக்கு வருவது கஷ்டம்.' அதில் உள்ள 'எனக்கு' என்ற சொல்லை 'ஐ' என்று எழுதிவிட்டார். 'ஐ ஆம் டிஃபிகல்ட்' என்றால் 'நான் வளைந்து கொடுக்காத ஆள்' என்று பொருளாகிவிடும். கஷ்டமானவர் அவர் அல்லர், வருவதுதான் கஷ்டம்.

தமிழில் 'எனக்கு', 'அவருக்கு', 'அம்மாவுக்கு' என்று 'கு' உருபு வரும் இடத்தில், இந்த அமைப்பில் ஆங்கிலம் 'ஃபார் மீ', 'ஃபார் ஹிம்', 'ஃபார் மை மதர்' என்று சொல்லும். வாக்கியத்தின் தொடக்கத்தில் 'இட் இஸ்' நிற்கும். 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம் டுமாரோ.' 'சொல்லுதல் யார்க்கும் எளிய' என்ற குறளை (664) நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 'யார்க்கும்' என்பதைத்தான் ஆங்கிலம் 'ஃபார் எனிஒன்' என்கிறது: 'இட் இஸ் ஈஸி ஃபார் எனிஒன் டு ஸே.' 'ஆர் யூ கன்வீனியன்ட் டு மீட்?' என்று கேட்பதும் இதே பிழைதான். வசதி மனிதருக்குள் இல்லை, சந்திப்பில் இருக்கிறது. 'இஸ் இட் கன்வீனியன்ட் ஃபார் யூ டு மீட்?' என்று கேளுங்கள்.

அப்படியானால் 'ஐ ஆம் ஹேப்பி டு கம்' மட்டும் எப்படிச் சரியாகிறது? அங்கேயும் 'ஐ ஆம்' தானே இருக்கிறது?

நல்ல கேள்வி. 'டு-வினை'யை ஏற்கும் பெயரடைகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. முதல் குடும்பம் ஒருவரின் மனநிலையையோ ஆயத்தத்தையோ சொல்வது: ஹேப்பி, க்ளாட், ஈகர், வில்லிங், அஃப்ரெய்ட், ஏபிள். இந்தக் குடும்பத்தில் வாக்கியத்தின் எழுவாய் யாரோ, அவரே 'டு'வுக்குப் பின் வரும் செயலையும் செய்கிறார். மகிழ்வதும் நான், வருவதும் நான். ஆகவே 'ஐ ஆம் ஹேப்பி டு கம்'. இரண்டாம் குடும்பம் ஒரு செயலின் எளிமையை, கடினத்தை, இனிமையை, ஆபத்தைச் சொல்வது: ஈஸி, ஹார்ட், டிஃபிகல்ட், டஃப், நைஸ், டேஞ்சரஸ், இம்பாசிபிள். இங்கே எழுவாயாக நிற்பது அந்தச் செயலுக்கு உள்ளாவது. 'திஸ் புக் இஸ் ஈஸி டு ரீட்' என்றால் புத்தகம் படிக்கவில்லை. புத்தகத்தை வேறு யாரோ படிக்கிறார்கள்.

மொழியியலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற இணை உண்டு. 'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்', 'ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்' என்ற இரண்டு வாக்கியங்களை மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1960களில் எடுத்துக்காட்டினார். பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. தமிழாக்கினால் வேறுபாடு உடனே வெளிப்படும்: 'ஜான் பிறரைத் திருப்திப்படுத்த ஆவலாக இருக்கிறான்', 'ஜானைத் திருப்திப்படுத்துவது எளிது'. 'பிறரை', 'ஜானை' என்று தமிழ் இடும் 'ஐ' உருபு, ஆங்கிலம் மறைத்ததைக் காட்டிக்கொடுக்கிறது. எந்த வாக்கியத்தில் ஐயம் வந்தாலும் மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லி, செய்பவர் யார், செயலுக்கு உள்ளாவது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் தடுமாறுவதற்கு நாணப்பட வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நோம் சாம்ஸ்கியின் மனைவியும் மொழியியலாளருமான கேரல் சாம்ஸ்கி, ஆங்கிலம் பேசும் 5 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கண் கட்டப்பட்ட ஒரு பொம்மையைக் காட்டி, 'இந்தப் பொம்மை ஈஸி டு ஸீயா, ஹார்ட் டு ஸீயா?' என்ற பொருள்படக் கேட்டார். சிறிய பிள்ளைகள் 'ஹார்ட்' என்றார்கள். பொம்மையால் பார்க்க முடியாது என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'ஈஸி டு ஸீ' ஆக்கு என்றபோது கண் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். பொம்மை மேசைமேல் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படிதான் இருந்தது. தாய்மொழியாகப் பேசுகிற பிள்ளைகளுக்கே இது மெதுவாகத்தான் பிடிபடுகிறது.

'ஹி இஸ் பாசிபிள் டு கம்' என்று சொன்னால்?

தவறு, 'இட் இஸ் பாசிபிள் ஃபார் ஹிம் டு கம்' என்றே சொல்ல வேண்டும். ஆனால் 'வரக்கூடும்' என்பதுதான் உங்கள் கருத்து என்றால் 'ஹி இஸ் லைக்லி டு கம்' என்று எழுவாயோடு நேராகச் சொல்லலாம். 'பாசிபிள்' இப்படியிருக்க, அதன் எதிர்ச்சொல்லான 'இம்பாசிபிள்' இரண்டாம் குடும்பத்தில் நன்றாகவே பொருந்துகிறது. 'ஹி இஸ் இம்பாசிபிள் டு வர்க் வித்' என்றால் 'அவரோடு வேலை செய்யவே முடியாது' என்று பொருள். இதற்கு நானறிந்த விதி எதுவும் இல்லை. கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

'திஸ் ஃபார்ம் இஸ் ஈஸி டு பி ஃபில்ட்' என்று எழுதினேன். படிவம் தானாக நிரம்பாது, நிரப்பப்படுகிறது. அப்படியானால் செயப்பாட்டு வினைதானே வர வேண்டும்?

உங்கள் தர்க்கம் புரிகிறது. ஆனால் இரண்டாம் குடும்பத்தில் எழுவாய் செயலுக்கு உள்ளாவது என்ற பொருள் அந்த அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. அதை மீண்டும் 'பி' வைத்துச் சொல்லத் தேவையில்லை. தமிழிலும் 'இந்தப் படிவம் நிரப்ப எளிது' என்கிறோம். 'நிரப்பப்பட எளிது' என்று எவரும் சொல்வதில்லை. 'திஸ் ஃபார்ம் இஸ் ஈஸி டு ஃபில் இன்' என்று எழுதுங்கள். பலதுறை மருந்தகத்தில் அம்மாவுக்கு உதவியாகப் போகிறவர்கள், 'திஸ் ஃபார்ம் இஸ் ஹார்ட் ஃபார் மை மதர் டு ஃபில் இன்' என்று அதே 'ஃபார்' சேர்த்துச் சொல்லி உதவி கேட்கலாம்.

'தி தே இஸ் டூ ஹாட் டு டிரிங்க் இட்' என்றேன் ('தே' என்றால் இங்கே தேநீர்). கடைசி 'இட்' வேண்டாம் என்றீர்கள். சூடாக இருப்பதும் தே, குடிப்பதும் தே, சொன்னால் என்ன?

உணவங்காடி மேசையில் ஆவி பறக்கும் தே கண்ணாடிக் குவளையை முன்னால் வைத்துக்கொண்டுதான் இந்தக் கேள்வி வந்தது. விடை: 'டிரிங்க்' என்ற வினைக்கு எதைக் குடிப்பது என்ற சொல் தேவைதான், ஆனால் அது ஏற்கெனவே 'தி தே' என்று வாக்கியத்தின் தலையில் வந்துவிட்டது. அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும். 'தி தே இஸ் டூ ஹாட் டு டிரிங்க்.' 'திஸ் புக் இஸ் ஈஸி டு ரீட் இட்' என்று சொல்லக்கூடாததற்கும் இதுவே காரணம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த 'டூ' வெறும் 'மிகவும்' அன்று. 'அளவுக்கு மீறி, அதனால் முடியவில்லை' என்பது அதன் பொருள். 'வெரி ஹாட்' என்றால் ஊதி ஊதியாவது குடித்துவிடலாம். 'டூ ஹாட் டு டிரிங்க்' என்றால் இப்போது குடிக்க முடியாது. அந்தக் கடைசிச் சொற்களில் 'நாட்' எதுவும் இல்லாமலே மறுப்பு வந்துவிடுவதால், தமிழில் 'குடிக்க முடியாத அளவுக்குச் சூடு' என்று மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும்.

'இனஃப்' எங்கே வரும்? 'இனஃப் ஓல்ட் டு வோட்' சரியா?

பெயரடைக்குப் பின்னால் வரும்: 'ஓல்ட் இனஃப் டு வோட்'. பெயர்ச்சொல்லாக இருந்தால் முன்னால் வரும்: 'இனஃப் மணி டு பை எ டிக்கெட்'. 'இனஃப்', 'டூ' இரண்டையும் ஒரே மூச்சில் பழக நான் வகுப்பில் தரும் வாக்கியம் ஒன்று உண்டு. இந்தியாவில் வாக்களிக்கும் வயது 18, சிங்கப்பூரில் 21. ஆகவே 19 வயதுள்ள ஒருவரைப் பற்றி, 'ஓல்ட் இனஃப் டு வோட் இன் இந்தியா, டூ யங் டு வோட் இன் சிங்கப்பூர்' என்று சொல்லலாம்.

'அவர் பேசப் பழக இனிமையானவர்' என்பதற்கு 'ஹி இஸ் ஈஸி டு டாக்' போதாதா? ஏன் இன்னொரு 'டு'?

'ஐ டாக் ஹிம்' என்று ஆங்கிலத்தில் சொல்வதில்லை. 'ஐ டாக் டு ஹிம்' என்றுதான் சொல்கிறோம். தேநீர் வாக்கியத்தில் 'இட்' நீங்கியதுபோல இங்கே 'ஹிம்' நீங்குகிறது. ஆனால் அதற்கு முன்னிருந்த 'டு' தன் இடத்திலேயே நிற்கிறது. எனவே 'ஹி இஸ் ஈஸி டு டாக் டு'. முழு வாக்கியத்தை முதலில் சொல்லிப் பார்த்து, பெயரை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பதே விடை. 'ஐ சிட் ஆன் தி சேர்' என்பதிலிருந்து 'தி சேர் இஸ் கம்ஃபர்டபிள் டு சிட் ஆன்' கிடைக்கும்; 'ஐ லிவ் இன் திஸ் ஃப்ளாட்' என்பதிலிருந்து 'திஸ் ஃப்ளாட் இஸ் நைஸ் டு லிவ் இன்' கிடைக்கும். 'பார்க்க அழகு' என்ற நம் சொற்றொடரும் 'நைஸ் டு லுக் அட்' என்று 'அட்'டோடுதான் போகும். தமிழ் இங்கே எந்த உருபையும் கேட்பதில்லை என்பதால்தான் நாம் தவறாமல் விட்டுவிடுகிறோம்.

'இட் இஸ் வெரி கைண்ட் ஃபார் யூ டு கம்' என்று விருந்தினரிடம் சொன்னேன். மகள் திருத்தினாள். நீங்கள்தானே 'ஃபார்' போடச் சொன்னீர்கள்?

சொன்னேன், ஆனால் அது கஷ்டம், எளிமை, வசதி ஆகியவற்றைச் சொல்லும்போது. 'கைண்ட்' என்பது வந்தவரின் குணத்தைச் சொல்கிறது. ஒரு செயலைக் கொண்டு செய்தவரின் குணத்தை எடைபோடும்போது 'ஆஃப்' வர வேண்டும்: 'இட் இஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ டு கம்.' சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. 'யூ ஆர் கைண்ட்' என்று தனியே சொன்னால் அதே பொருள் வருகிறதா? வருகிறது, ஆகவே 'ஆஃப்'. 'யூ ஆர் டிஃபிகல்ட்' என்றால் வேறு பொருள் வந்துவிடுகிறது, ஆகவே 'ஃபார்'. ஜெனரஸ், தாட்ஃபுல், ரூட், கேர்லெஸ், சில்லி ஆகியவையும் 'ஆஃப்' வகை. 'இட் வாஸ் கேர்லெஸ் ஆஃப் மீ டு லீவ் தி டோர் ஓபன்' என்று நம் தவற்றை நாமே ஒப்புக்கொள்ளவும் இது உதவும்.

'குட்' என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கும். 'இட் இஸ் குட் ஆஃப் யூ டு வாக் வித் மீ' என்றால் என்னோடு நடந்துவருவது உங்கள் நல்ல மனம். 'இட் இஸ் குட் ஃபார் யூ டு வாக்' என்றால் நடப்பது உங்கள் உடம்புக்கு நல்லது.

'நைஸ் டு மீட் யூ', 'நைஸ் மீட்டிங் யூ', எதைச் சொல்வது?

முதன்முதலில் கை குலுக்கும்போது 'நைஸ் டு மீட் யூ'. பேசி முடித்து விடைபெறும்போது 'நைஸ் மீட்டிங் யூ'. ஏற்கெனவே அறிமுகமானவரை மறுபடி பார்க்கும்போது 'மீட்' வேண்டாம், 'நைஸ் டு ஸீ யூ' என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் 'மீட்' என்றால், அவரை மறந்துவிட்டீர்களோ என்று எண்ணக்கூடும்.

'ஐ ஆம் லேஸி டு குக்', 'பைசே டு ஆஸ்க்' என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்களே, அதுவும் தவறா?

இவை சிங்கப்பூரில் வேர்விட்ட வழக்குகள். 'சமைக்கச் சோம்பலாக இருக்கிறது' என்று தமிழில் சொல்கிறோம். மலாய்க்காரர் 'மலாஸ் நாக் மாசாக்' என்கிறார். பல மொழிகள் பக்கத்தில் பக்கத்தில் வாழும் ஊரில் 'லேஸி டு' பிறந்ததில் வியப்பில்லை. 'பைசே' என்பது ஹொக்கியன் என்னும் சீனக் கிளைமொழிச் சொல். கூச்சமாக, சங்கடமாக இருப்பதைக் குறிப்பது. அண்டைவீட்டாரிடமும் நண்பர்களிடமும் இப்படிப் பேசுவதைத் திருத்த நான் முனைவதில்லை. அந்தப் பேச்சில் ஓர் ஒட்டுறவு இருக்கிறது.

ஆனால் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் வலியுறுத்தும் பொதுத்தர ஆங்கிலமும் நம் கைவசம் இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில், மின்னஞ்சலில், வெளிநாட்டவரிடம் பேசும்போது அது தேவைப்படும். பொதுத்தர ஆங்கிலத்தில் 'லேஸி'யும் 'ஷை'யும் நேராக 'டு-வினை'யை ஏற்பதில்லை; மேலே கண்ட 'டூ'வைச் சேர்த்தால் சரியாகிவிடும். 'ஐ ஆம் டூ லேஸி டு குக்', 'ஐ வாஸ் டூ ஷை டு ஆஸ்க்'. 'பைசே'க்குப் பதிலாக 'எம்பாரஸ்ட் டு ஆஸ்க்' என்று சொல்லலாம். அதற்கு 'டூ' கட்டாயம் இல்லை.

'இன்ட்ரஸ்டட் டு' வருமா, 'இன்ட்ரஸ்டட் இன்' வருமா? 'அஃப்ரெய்ட்', 'சாரி', 'ஷூர்' எல்லாவற்றிலும் இதே குழப்பம்.

வகுப்பில் சேர விருப்பம் என்றால் 'இன்ட்ரஸ்டட் இன் ஜாய்னிங்'. ஒன்றைக் கேட்க, அறிய ஆவல் என்றால் 'இன்ட்ரஸ்டட் டு ஹியர்', 'இன்ட்ரஸ்டட் டு நோ'. சிங்கப்பூரில் 'இன்ட்ரஸ்டட் டு ஜாய்ன்' மிகப் பரவலாக வழங்குகிறது. தேர்வில் மட்டுமாவது 'இன்' போடுங்கள் என்பது என் அறிவுரை. 'அஃப்ரெய்ட் டு' என்றால் பயந்து செய்யாமல் தயங்குவது: 'ஐ ஆம் அஃப்ரெய்ட் டு க்ளைம்ப் தி லேடர்.' 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்றால் நம் விருப்பமின்றி நடந்துவிடுமோ என்று அஞ்சுவது: 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்.' விழுவதற்கு யாரும் முடிவெடுப்பதில்லை; ஏணியில் ஏறத்தான் முடிவெடுக்கிறோம். 'சாரி டு டிஸ்டர்ப் யூ' என்று கதவைத் தட்டும்போது சொல்லலாம். வேலை முடிந்து கிளம்பும்போது 'சாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ'. காத்திருக்க வைத்துவிட்டு வருந்துவதாக இருந்தால் 'சாரி டு ஹேவ் கெப்ட் யூ வெயிட்டிங்'. முடிந்துபோன செயலைக் காட்ட 'ஹேவ்' உள்ளே வருகிறது.

'ஷூர்' நுட்பமானது. 'ஷி இஸ் ஷூர் டு பாஸ்' என்றால், அவள் தேர்ச்சி பெறுவாள் என்பது பேசுகிற எனக்கு உறுதி. 'ஷி இஸ் ஷூர் ஆஃப் பாஸிங்' என்றால், தேர்ச்சி பெறுவோம் என்பது அவளுக்கே உறுதி. நம்பிக்கை யாருடையது என்பது அந்தச் சிறிய சொல்லில் மாறிவிடுகிறது.

'ஐ ஆம் யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்' என்றால் 'ஐந்து மணிக்கு எழுந்து பழகிவிட்டேன்' என்று ஆகாதா?

ஆகாது. 'ஆம் யூஸ்ட் டு' என்பதில் உள்ள 'டு' நாம் இதுவரை பார்த்த 'டு' அன்று. அது 'க்கு' என்று பொருள்படும் முன்னிடைச்சொல். அதன் பின் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோ வர வேண்டும்: 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபைவ்.' 'ஆம்' இல்லாமல் 'ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்' என்றால், முன்பு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை என்று முற்றிலும் வேறு பொருள். தங்குவிடுதியில் இரண்டு ஆண்டுகளாக விடியலுக்கு முன் எழுந்து லாரி ஏறுகிறவர் இரண்டாவதைச் சொன்னால், கேட்பவர் அவருக்கு வேலை மாறிவிட்டது என்று நினைப்பார்.

எந்த 'டு' என்று கண்டுபிடிக்க, வினைக்குப் பதிலாக 'திஸ்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ ஆம் யூஸ்ட் டு திஸ்' பொருந்துகிறது, எனவே 'இங்'. 'ஐ ஆம் ரெடி டு திஸ்' பொருந்தவில்லை, எனவே 'டு-வினை'. 'அகஸ்டம்ட் டு', 'கமிட்டட் டு' ஆகியவையும் 'இங்' பக்கமே.

'வொர்த் டு ரீட்', 'பிஸி டு குக்' சரியா?

இரண்டும் தவறு. 'வொர்த் ரீடிங்', 'பிஸி குக்கிங்'. இவற்றுக்கு 'டு' வேண்டவே வேண்டாம்.

'பி கேர்ஃபுல் டு ஸ்லிப்' என்று மாமியாரை எச்சரித்தேன். அதில் என்ன குறை?

'வழுக்கி விழக் கவனமாக இருங்கள்' என்று சொன்னதாகிவிட்டது. 'விழாமல்' என்பதில் உள்ள 'ஆமல்' ஆங்கிலத்தில் 'நாட்' ஆக வர வேண்டும், 'டு'வுக்கு முன்னால்: 'பி கேர்ஃபுல் நாட் டு ஸ்லிப்.'

'தி சிக்கன் இஸ் ரெடி டு ஈட்' என்றால் கோழி சாப்பிடத் தயார் என்றும் ஆகுமே?

ஆகும். 'ரெடி' இரண்டு குடும்பங்களிலும் உறுப்பினர். முதல் குடும்பத்தின்படி பார்த்தால் கோழி பசியோடு இரைக்குக் காத்திருக்கிறது. இரண்டாம் குடும்பத்தின்படி பார்த்தால் கோழிக்கறி தட்டில் இருக்கிறது. இடமும் சூழலும்தான் பொருளைத் தீர்மானிக்கின்றன. தமிழில் 'கோழி சாப்பிடத் தயார்' என்றாலும் இதே இரட்டைப் பொருள் வருவதைக் கவனியுங்கள். 'சாப்பிடத் தயார்' என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்போது நாம் குழம்புவதில்லை.

'அன் ஈஸி புக் டு ரீட்', 'அன் ஈஸி-டு-ரீட் புக்' இரண்டில் எது?

இரண்டும் சரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் முழுத் தொடரையும் வைத்தால் சொற்களை இணைகோடு போட்டுக் கோக்க வேண்டும். பிரித்தால், பெயரடை முன்னாலும் 'டு-வினை' பின்னாலும் நிற்கும். 'அன் ஈஸி டு ரீட் புக்' என்று இணைகோடில்லாமல் எழுதுவதைத் தவிருங்கள். 'படிக்க எளிய நூல்' என்ற தமிழ்த் தொடருக்கு இரண்டில் எது வேண்டுமானாலும் பொருந்தும். பேச்சில் முதலாவதும், பொட்டலங்களிலும் விளம்பரங்களிலும் இரண்டாவதும் மிகுதியாக வருகின்றன.

தொடக்கநிலை 5 படிக்கும் என் மகளுக்கு, இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும் பயிற்சியில் இதே 'டூ… டு' வருகிறது. ஒன்றுக்கு மதிப்பெண் கிடைத்தது, அதே மாதிரி எழுதிய இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. ஏன்?

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கிலத் தாளிலும் இந்த வகைப் பயிற்சி வருவதால், தாய்மார்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். அந்தத் தாய் கொண்டுவந்த பயிற்சித்தாளில் இருந்ததை ஒத்த இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது: 'தி பாய் வாஸ் ஸோ ஷார்ட் தட் ஹி குட் நாட் ரீச் தி ஷெல்ஃப்.' குட்டையாக இருப்பதும் எட்ட முயல்வதும் அதே பையன். ஆகவே 'தி பாய் வாஸ் டூ ஷார்ட் டு ரீச் தி ஷெல்ஃப்' என்று எழுதினால் முடிந்தது.

இரண்டாவது: 'தி பாக்ஸ் வாஸ் ஸோ ஹெவி தட் ரவி குட் நாட் லிஃப்ட் இட்.' இங்கே கனமாக இருப்பது பெட்டி, தூக்க முயல்வது ரவி. மகள் 'தி பாக்ஸ் வாஸ் டூ ஹெவி டு லிஃப்ட் இட்' என்று எழுதியிருந்தாள். ரவி காணாமல் போய்விட்டான். போக வேண்டிய 'இட்' தங்கிவிட்டது. செய்பவர் வேறாக இருப்பதால், 'எனக்கு' பற்றிய விடையில் கண்ட 'ஃபார்' உள்ளே வர வேண்டும். பெட்டி தலையில் நிற்பதால், தே பற்றிய விடையில் கண்டபடி கடைசி 'இட்' போக வேண்டும். 'தி பாக்ஸ் வாஸ் டூ ஹெவி ஃபார் ரவி டு லிஃப்ட்.' தாயும் மகளும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்பவரின் பெயரை வட்டமிட்டுவிட்டுப் பிறகு எழுதிப் பழகினார்கள். அடுத்த வாரம் கொண்டுவந்த தாளில் 'ஃபார்' எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன, ஓர் 'இட்' மட்டும் கடைசி வரியில் மீந்திருந்தது.